வீட்டுக்காரிக்கு மூன்று மாதம்

அலோர் ஸ்டார்
14.3.1976

அன்புள்ள செல்லாயிக்கு,

நானும் தவமணியும் சுகமாக இருக்கிறோம். நீயும் மனோகரனும் பக்கிரிசாமி மச்சானும் சுகம் என்று உன் கடிதம் வந்தால்தான் மனது நம்பும்.

வீட்டுச் சாவி கிடைத்துவிட்டது. சனிக்கிழமை கொடுத்தார்கள். இடத்துக்குப் பேர் தாமான் செம்பாக்கா. லங்கார் போகிற சாலையில் டவுனிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம். முன்னே நெல் வயலாகக் கிடந்த இடத்தில் மண் கொட்டி மேடாக்கி, ஒட்டி ஒட்டி வரிசை வீடு கட்டியிருக்கிறார்கள். நம்முடையது நாலாவது வரிசையில், ஓரத்துக்கு முந்தின வீடு.

நீ பக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு சொல்கிறேன். இரும்பு கேட்டைத் திறந்தால் சிமெண்டு போட்ட முன்வாசல். அப்புறம் ஹால். இரண்டு அறை. பின்னால் சமைக்க குசினி. குழாய் குசினிக்குள்ளேயே இருக்கிறது, செல்லாயி. குளிக்கிற இடத்தில் இன்னொரு குழாய். எஸ்டேட் லயத்தில் வாளியைத் தூக்கிக்கொண்டு நீ வரிசையில் நின்று சண்டை போட்டதெல்லாம் இனி இல்லை. சுவிட்சைத் தட்டினால் எந்நேரமும் விளக்கு எரிகிறது.

வீட்டுக்கு எதிரே ஒரு பாடாங், நல்ல புல் திடல். பிள்ளைகளுக்கு ஊஞ்சலும் சறுக்கு மரமும் வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் பள்ளிக்கூடம். மணி அடித்தால் வீட்டுக்குள் கேட்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் தாய் சேய் கிளினிக். புதன்கிழமை சாயங்காலம் பசார் போடுகிறார்கள். கோலா கெடாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன்காரன் வாசலுக்கே வருகிறான். உனக்குப் பிடித்த கெம்போங் மீன் துள்ளத் துள்ளக் கிடைக்கிறது. வாங்கி என்ன செய்ய, எனக்குக் குழம்பு வைக்க வரவில்லை.

உன் பெர்மிட் விஷயமாகப் போன வாரமும் லீவு எடுத்துக்கொண்டு போனேன். திரும்பி வருவதற்கு உனக்கு ஒரு வருஷம்தான் கொடுத்திருந்தார்கள். சாகக்கிடந்த தாயைப் பார்க்கப் போனவள், வயிற்றுப் பிள்ளையோடு கப்பல் ஏறக்கூடாது என்று அங்கே டாக்டர் தடுத்தார், பிறந்த பிள்ளைக்கும் சீக்கு, அதற்குள் தேதி போய்விட்டது என்று எல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆபீசர், சிவப்பு ஐ.சி.தானே, ஏன் இன்னும் பிரஜையாகவில்லை என்று கேட்டார். கைப்பிள்ளையாக வந்தவள், இந்தக் கெடாவைத் தவிர வேறு ஊர் தெரியாதவள் என்று சொன்னேன். எழுதிக்கொண்டார். இந்த வருஷத்துக்குள் வந்துவிடுவாய். அந்த நம்பிக்கையில்தான் வீட்டையே எடுத்தேன்.

மனோகரனை மெட்ராஸில் இருக்கிற நம் மலேசியா ஆபீஸில் பதிந்தது நல்லதாகப் போயிற்று. அவனுக்குத் தடை ஒன்றும் இல்லையாம். உனக்குத்தான்.

இப்படிக்கு,
முருகையா


மேலக்கோட்டகம்
9.4.1976

தவமணி அப்பாவுக்கு செல்லாயி எழுதுறது.

கடிதாசி வந்துச்சு. ரெண்டு தடவ நானே படிச்சேன், ஒரு தடவ அண்ணன் குடும்பத்துக்கே படிச்சுக் காட்டுனேன். குழாய் வீட்டுக்குள்ளயான்னு அண்ணி கேட்டாங்க. பெருமையா ஆமான்னேன். அப்புறம் கொல்லைப்பக்கம் போயி கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தேன்.

என்னைக் கேக்காம வீடு எடுத்திருக்கீங்க. கோவமா கேக்கல. ஆனா கேக்காம எடுத்திருக்கீங்க. அடுப்பு எந்தப் பக்கம் பாத்து இருக்கு? சாமி படம் எங்க மாட்டுனீங்க? சுவருக்கு என்ன சாயம்? பச்சை அடிச்சுடாதீங்க, எஸ்டேட் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். நான் வந்து சொல்ற வரைக்கும் அப்படியே விட்டு வைங்க.

தவமணிக்கு யாரு தலை பின்னுறது? நீங்க பின்னுனா நிக்காது. பேனு பாக்குறீங்களா? ஏழு வயசுப் பொம்பளப் பிள்ளைய தனியா வீட்டுல விட்டுட்டு அரிசி மில்லுக்குப் போறீங்களா? அதைப் பத்தி ஒரு வரி கூட எழுதல. சறுக்கு மரத்தைப் பத்தி எழுதியிருக்கீங்க.

மனோகரன் பல்லு முளைச்சு எதைக் கண்டாலும் கடிக்கிறான். உங்க படத்தைக் காட்டி அப்பான்னு சொல்லிக் குடுத்திருக்கேன். இப்ப மீசை வச்ச ஆளு யாரு வந்தாலும் அப்பாங்கிறான். அண்ணி சிரிக்கிறாங்க.

இங்க எனக்குப் பேரே மலேயாக்காரிதான். துண்டு வாங்கப் போயி கடையில துவாலா குடுங்கன்னு கேட்டேன், அப்படின்னா என்னான்னு கேட்டுக் கடையே சிரிச்சுச்சு. பசியாறிட்டீங்களான்னு கேட்டா என்னமோ மாதிரி பாக்குறாங்க. இது எங்க அப்பன் ஆத்தா பொறந்த ஊருதான். நான் இங்க யாரு?

ஒங்க வீட்டுக்காரரு எப்ப வருவாருன்னு கேக்குறாங்க. அவரு வர்றதில்ல, நான்தான் போகப்போறேன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிடாதீங்க.

செல்லாயி


அலோர் ஸ்டார்
20.9.1976

அன்புள்ள செல்லாயிக்கு,

இதை எழுத நாலைந்து நாளாக உட்கார்ந்து எழுந்துவிட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உன் பெர்மிட் கிடைக்கவில்லை.

கூப்பிட்டார்கள் என்று சந்தோஷமாகத்தான் போனேன். தவமணியையும் புதுச் சட்டை போட்டுக் கூட்டிக்கொண்டு போனேன். ஆபீசர் நல்ல மனுஷன். கோப்பை விரித்துப் பார்த்துவிட்டு, "தா லுலுஸ்" என்றார். பாஸாகவில்லையாம்.

"என்ன காரணம், துவான்?"

"காரணம் இதில் போடவில்லை. மேலே முடிவு செய்தது."

"இன்னொரு தடவை எழுதலாமா?"

"எழுதலாம்." கோப்பை மூடினார். பிறகு தவமணியைப் பார்த்து, "உன் பிள்ளையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மேசைக்குள்ளிருந்து ஒரு மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். அவரைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. திட்டுவதற்கு யாராவது இருந்தால் தேவலை போலிருந்தது.

மறுபடியும் எழுதிப் போட்டிருக்கிறேன். நம் இந்தியர் கட்சி ஆபீஸிலும் ஒருவரைப் பார்த்தேன். பார்க்கலாம் என்றார்.

நீ கேட்டதற்குப் பதில். அடுப்பு கிழக்குப் பார்த்துத்தான். சுவர் அவர்கள் அடித்துக் கொடுத்த வெள்ளைதான், கை வைக்கவில்லை. தவமணி தனியாக இல்லை. பக்கத்து வீட்டில் ஜெனவீவ் என்று ஒருவர் இருக்கிறார். வேதக்காரர்கள். வீட்டுக்காரர் ஜெரார்ட் ரயில்வேயில் வேலை. அந்த அம்மா வீட்டில் துணி தைக்கிறார். பள்ளி விட்டதும் தவமணி அவர் வீட்டில் சோறு தின்று, நான் வரும் வரைக்கும் அங்கேயே இருக்கிறாள். தலையும் அவர்தான் பின்னிவிடுகிறார்.

தமிழ்ப் பள்ளி டவுனில் இருக்கிறது. காலை இருட்டில் சின்னப் பிள்ளையை பஸ்ஸில் தனியாக அனுப்ப மனம் வரவில்லை. எதிரே இருக்கிற மலாய்ப் பள்ளியிலேயே போட்டுவிட்டேன். நன்றாகப் படிக்கிறாள். அவள் எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன்.

முருகையா


மேலக்கோட்டகம்
2.11.1976

தவமணி அப்பாவுக்கு,

என் மக எழுதுன கடிதாசிய எனக்குப் படிக்கத் தெரியல.

முழுக்க மலாய்ல இருக்கு. பேசுனா எனக்கு மலாய் புரியும், எழுத்து எனக்கு எங்க தெரியும். ஆறு மைல் தள்ளி சின்னையான்னு ஒருத்தரு, கூலிம் பக்கம் எஸ்டேட்டுல கணக்கெழுதுற கிராணியா இருந்தவரு, எழுவதாம் வருஷம் வேலை பெர்மிட் இல்லாம ஊருக்கு வந்துட்டாரு. பிள்ளையத் தூக்கிக்கிட்டு அவரைத் தேடிப் போனேன். கண்ணாடி போட்டுக்கிட்டு சத்தமா படிச்சாரு. பள்ளிக்கூடத்துல என் குடும்பம்னு எழுதச் சொன்னாங்களாம். "எங்கள் குடும்பத்தில் இரண்டு பேர். அப்பாவும் நானும். எங்கள் வீடு புது வீடு."

அதுக்கு மேல அவரு படிக்கல. இருக்கட்டும்மா, சின்னப் பிள்ளைதானேன்னாரு.

ரெண்டு பேரு. நான் செத்தா போயிட்டேன்?

பக்கத்து வீட்டுக்காரிக்கு என்ன வயசு? அவளே சோறு போடுறா, அவளே தலை பின்னுறா. வீடும் புதுசு. எல்லாம் வசதியாத்தான் இருக்கு. எனக்குப் பதில் எழுத அஞ்சு மாசம் ஆகுது உங்களுக்கு.

அவங்க என்னை உள்ள விட மாட்டேங்கிறாங்க. சரி. உங்களை இங்க யாரு தடுக்குறா? கப்பல் ரெண்டு பக்கமும் போகுது. நீங்க வாங்க. தவமணியக் கூட்டிக்கிட்டு வாங்க. குழாய் இல்ல, லைட்டு இல்ல. நான் இருக்கேன், உங்க மகன் இருக்கான்.

பதில் போடுங்க.

செல்லாயி


அலோர் ஸ்டார்
6.1.1977

செல்லாயிக்கு,

ஜெனவீவ் அக்காவுக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் உன் பேரைச் சொல்லி வேண்டிக்கொள்கிறார். அவரைப் பற்றி இனி அப்படி எழுதாதே. தவமணிக்கு அம்மை போட்டபோது இரண்டு வாரம் தைக்கிற வேலையை விட்டுவிட்டு நம் வீட்டில் கிடந்தவர் அவர்.

வா என்கிறாய். வந்து என்ன செய்வேன்? நான் பிறந்தது எஸ்டேட் லயத்தில். அந்த ஊரை ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. அரிசி மில்லில் மெஷின் பார்க்கிற வேலை எனக்கு. அங்கே மச்சானோடு மண் வெட்டப் போனால் அவருக்கும் பாரம், எனக்கும் அவமானம். கடன் கொடுத்த பாங்குக்காரன் வீட்டைப் பிடித்துக்கொள்வான். தவமணி இங்கே ஒரு பள்ளியில் காலூன்றிவிட்டாள். அங்கே எந்த எழுத்திலிருந்து தொடங்குவாள்?

வீடு கையில் இருந்தால் உன் விண்ணப்பத்துக்குப் பலம் என்று எல்லாரும் சொன்னார்கள். அதனால் எடுத்தேன். இப்போது அந்த வீடே என் காலைக் கட்டிக்கொண்டிருக்கிறது. விட்டுவிட்டு வந்தால் நடுத்தெரு. இருந்தால் நீ இல்லை. இதில் எதை எடுக்கச் சொல்கிறாய்?

கிளினிக் மிஸ்ஸி, நர்ஸம்மா, வீடு வீடாக வந்து எழுதிக்கொண்டு போகிறார். "வீட்டுக்காரி எங்கே?" என்று கேட்டார். இந்தியாவில் என்றேன். "எப்போது வருவார்?" என்றார். என்னிடம் கேட்கிறவர்களுக்கும் நான் பொய்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், செல்லாயி. நீ மட்டும் இல்லை.

முருகையா


மேலக்கோட்டகம்
18.6.1978

தவமணி அப்பாவுக்கு,

ரொம்ப நாளா எழுதல. நீங்க போட்ட கடிதாசி எல்லாம் வந்துச்சு. கோவத்துல வச்சிருந்தேன். இப்ப கோவம் இல்ல. பயம்தான் இருக்கு.

மாசிக் கடைசியில மனோகரனுக்குக் காய்ச்சல். மொத நாளு கசாயம் குடுத்தோம். ரெண்டாம் நாளு உடம்பு வில்லு மாதிரி வளைஞ்சிடுச்சு. கடைசி பஸ் போயிடுச்சு. அண்ணனும் நானும் மாத்தி மாத்தித் தூக்கிக்கிட்டு டவுனு ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். அண்ணன் முருகா முருகான்னு சொல்லிக்கிட்டே வந்தாரு. எனக்கு சாமி பேரு ஒண்ணும் வரல. வீட்டுக்கு எதிர பாடாங்கு, அதைத் தாண்டுனா பள்ளிக்கூடம், கிளினிக்னு எழுதியிருந்தீங்களே, அதுதான் மனசுக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு. பாடாங்கைத் தாண்டுனா கிளினிக். பாடாங்கைத் தாண்டுனா கிளினிக். அதையே சொல்லிக்கிட்டு நடந்தேன்.

பொழைச்சுக்கிட்டான். பயப்படாதீங்க. ஆனா ஒரு காது கேக்கல. அந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறான். பெரிய ஆஸ்பத்திரியில பாக்கணும்னு டாக்டரு சொன்னாரு.

உங்களை வாங்கன்னு இனிமே கேக்கல. வீட்டை விட்டா நடுத்தெருன்னு நீங்க எழுதுனது சரிதான். என்னை நிரந்தரமா விடாட்டியும் போகட்டும். சும்மா வந்து பாத்துட்டுப் போக விடுவாங்களான்னு கேளுங்க. விருந்தாளிங்க எல்லாம் வர்றாங்கதானே. என் மகளைப் பாக்கணும். பாத்துட்டுப் போயிடுறேன்.

செல்லாயி


அலோர் ஸ்டார்
11.2.1979

அன்புள்ள செல்லாயி,

கிடைத்துவிட்டது! மூன்று மாத விசிட் பாஸ். இதைத் தவமணிக்குச் சொன்னபோது எனக்குக் குரல் உடைந்துவிட்டது. அவள் பயந்து போய் ஜெனவீவ் அக்காவைக் கூப்பிட ஓடிவிட்டாள்.

நீ திரும்பிப் போவாய் என்று இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும் என்றார்கள். ஒன்று நான். இன்னொருவருக்கு அலைந்தேன். மில்லில் எல்லாரும் தலையைச் சொறிந்தார்கள். கடைசியில் ஜெரார்ட் அண்ணன் தானாக வந்து, "நான் போடுறேன் தம்பி" என்று கையெழுத்துப் போட்டார். அரசாங்க வேலையில் இருப்பவர். நீ திரும்பாவிட்டால் அவர் பேர் கெடும். தெரிந்துதான் போட்டார்.

நாகப்பட்டினத்தில் மே மாதக் கப்பல் ஏறு. மனோகரனை மேல்தட்டில் ஓட விடாதே. பினாங்கு ஜெட்டியில் நானும் தவமணியும் நிற்போம். பத்து வயதுப் பெண், என் தோளுக்கு வந்துவிட்டாள். பார்த்தால் அடையாளம் தெரியாமல் போகப்போகிறது உனக்கு.

மீன்காரனிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன், என் வீட்டுக்காரி வருகிறாள் என்று.

முருகையா


மேலக்கோட்டகம்
3.9.1979

தவமணி அப்பாவுக்கு,

வந்து சேந்தோம். மனோகரனுக்குக் கப்பல்ல வாந்தி. இப்ப பரவாயில்ல.

அங்க இருக்கும்போது வாயத் தொறந்து பேச முடியாததை இப்ப எழுதுறேன். ஜெட்டியில என் மக என்னைப் பாத்து "வாங்க ஆண்ட்டி"ன்னு சொன்னா. நீங்க அவளைத் திட்டுனீங்க. நான்தான் திட்ட வேணாம்னேன். அவ மேல தப்பில்ல. வீட்டுக்கு வர்றவங்களை அப்படித்தான் கூப்பிடணும்னு அவளுக்குச் சொல்லிக் குடுத்திருக்கு.

வீடு நீங்க எழுதுன மாதிரியேதான் இருந்துச்சு. அதை விட நல்லா இருந்துச்சு. ஆனா கரண்டி எங்க இருக்கு, உப்பு எங்க இருக்குன்னு என் வீட்டுல நான் என் மகள்கிட்ட கேட்டுக் கேட்டு எடுத்தேன். அவ எடுத்துக் குடுத்துட்டு, சமைச்சு முடிச்சதும் எல்லாத்தையும் பழைய இடத்துலயே வச்சிடுவா. பசாருக்குப் போனா எல்லாரும் நல்ல மாதிரியா சிரிச்சுப் பேசுனாங்க. "எப்ப ஊருக்குத் திரும்புறீங்க?" இதைத்தான் மொதல்ல கேட்டாங்க. நான் ரப்பர் பாலு வெட்டுன எஸ்டேட்டு அங்கேருந்து பஸ் தூரம்தான்.

ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தவமணி அம்மான்னு கூப்பிட்டா. அதுவும் தவறி வந்துச்சு. பேனு பாத்துக்கிட்டு இருந்தேன், வலிக்குதும்மான்னா. சீப்பை வச்சுட்டு விரலாலயே மெதுவாப் பாத்தேன். அதுக்கப்புறம் தெனமும் தலையக் குடுத்துக்கிட்டு உக்காந்தா. பேனே இல்ல, இருக்குன்னு சொல்லிச் சொல்லிப் பாத்தேன். அப்பதான் நாள் நெருங்கிடுச்சு.

நான் கேட்டேன்ல? போகாம இருந்திடுறேன், பின் ரூம்புலயே இருக்கேன், வாசலுக்கே வரமாட்டேன், யாருக்கும் தெரியாம இருந்துக்கிறேன்னு கேட்டேன். நீங்க சட்டையப் போட்டுக்கிட்டு வெளிய போயிட்டீங்க. திரும்பி வந்தப்ப கையில கப்பல் டிக்கெட்டு இருந்துச்சு.

ஏன்னு எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு வார்த்த, இருன்னு சொல்லியிருக்கலாம். சொல்லிட்டு அனுப்பியிருக்கலாம்.

செல்லாயி


அலோர் ஸ்டார்
1.10.1979

செல்லாயி,

இரு என்று சொல்லியிருந்தால் நீ இருந்திருப்பாய். அதனால்தான் சொல்லவில்லை.

அன்று நான் போனது ஜெரார்ட் அண்ணன் வீட்டுக்கு. கேட்டுவிடலாம் என்றுதான் போனேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜெனவீவ் அக்கா எனக்கும் ஒரு தட்டு வைத்தார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, உங்கள் வேலை போனாலும் பரவாயில்லை, என் மனைவியை ஒளித்து வைத்துக்கொள்கிறேன் என்று எப்படிக் கேட்பேன்? பிடிபட்டால் உன்னை லாக்கப்பில் போடுவார்கள். பிறகு ஜென்மத்துக்கும் உன்னை இந்தப் பக்கம் விடமாட்டார்கள். தவமணி கண் முன்னால் அது நடக்கும். சாப்பிட்டுவிட்டு எழுந்து நேரே டிக்கெட் எடுக்கப் போனேன்.

நீ போன பிறகு தவமணி பத்து நாள் தலை பின்ன விடவில்லை. நீ பின்னியது கலைந்து சடையாகும் வரைக்கும் அப்படியே பள்ளிக்குப் போனாள். டீச்சர் கடிதம் அனுப்பினார்.

அதைப் பார்த்த பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன். வீட்டை விற்றுவிடுகிறேன். வாங்க ஆள் வந்து பார்த்துவிட்டும் போனார்கள். பள்ளி பக்கம், கிளினிக் பக்கம், பஸ் பக்கம் என்று நானே சொன்னேன். சொல்லச் சொல்ல, என்னத்தை விற்கிறோம் என்று தோன்றியது. விற்றுவிட்டு தவமணியைக் கூட்டிக்கொண்டு அங்கே வந்துவிடுகிறேன். மண் வெட்டினால் வெட்டுகிறேன்.

தவமணியிடம் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. வீடு பார்க்க வந்தவர்களைக் கண்டதும் அவள் அறையைச் சாத்திக்கொண்டாள். "அப்பா, அங்கே எந்த ஸ்கூல்?" என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன்.

நீ சரி என்று எழுது. உடனே செய்துவிடுகிறேன்.

முருகையா


மேலக்கோட்டகம்
12.1.1980

தவமணி அப்பாவுக்கு,

வீட்டை விக்காதீங்க.

உங்க கடிதாசியப் படிச்சுட்டு ஒரு நாளு முழுக்க சந்தோஷமா இருந்தேன். மறைக்கல. அண்ணிகிட்டக் கூட சொல்லிட்டேன், அவரு வர்றாருன்னு. மறுநாளு மனோகரனைக் கூட்டிக்கிட்டு இங்க இருக்குற பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வாத்தியாரு பாடம் சொன்னாரு. இவனுக்குக் கேக்காத காது அவரு பக்கம் இருந்துச்சு. பாவம், வெளிய நின்ன ஆட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான். அங்க வந்திருந்தப்ப பினாங்கு ஆஸ்பத்திரியில காட்டுனோமே, அந்த டாக்டரு ஆறு மாசத்துக்கு ஒரு தடவ கொண்டாங்க, சரி பண்ணலாம்னு சொன்னாரே. நான் எங்கேருந்து கொண்டார்றது?

நீங்க இங்க வந்தா நாம நாலு பேரும் ஒண்ணா இருப்போம். அதுக்கு ரெண்டு பிள்ளைங்களும் குடுக்கணும். தவமணி படிப்பைக் குடுக்கணும். இவன் காதைக் குடுக்கணும். நான் ஒருத்தி குடுத்தாப் போதும்னு தோணுது.

மனோகரன் உள்ள வரலாம்னு நீங்கதான் மொத கடிதாசியிலயே எழுதுனீங்க. எனக்குத்தான் தடை. அவனை அனுப்புறேன்.

கூலிம்லேருந்து அம்மாசின்னு ஒரு அம்மா சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு வந்திருக்காங்க. அடுத்த மாசக் கப்பல்ல திரும்புறாங்க. நல்ல மாதிரி. கூட்டிட்டு வர்றேன்னு சொல்லிட்டாங்க. இந்தக் கடிதாசிக்குப் பதில் எழுதாதீங்க. எழுதுனா நான் மாறிடுவேன்.

அவன்கிட்ட அப்பா வீட்டுக்கு, சறுக்கு மரத்துக்குப் போறோம்னு சொல்லியிருக்கேன். போறோம்னுதான் சொல்லியிருக்கேன். நீ மட்டும் போறேன்னு சொல்லல.

வலது பக்கம் நின்னு பேசுங்க. இடது பக்கம் நின்னு கூப்பிட்டுட்டுத் திமிரு புடிச்சவன்னு அடிச்சுடாதீங்க. சோத்துல தயிரு ஊத்துனா திங்க மாட்டான். தவமணிய அவன் பக்கத்துல படுத்துக்கச் சொல்லுங்க. மொத கொஞ்ச நாளு அழுவான். அதை எனக்கு எழுதாதீங்க. என்னால ஓடி வர முடியாது. அழுகைய நிறுத்துன அன்னைக்கு எழுதுங்க.

செல்லாயி


அலோர் ஸ்டார்
27.4.1980

அன்புள்ள செல்லாயிக்கு,

நீ சொன்னபடி இவ்வளவு நாள் எழுதாமல் இருந்தேன். மனோகரன் வந்து சேர்ந்தான் என்று தந்தி மட்டும் கொடுத்தேன். கிடைத்திருக்கும்.

இந்த வாரம் அவன் அழவில்லை.

ஜெரார்ட் அண்ணன் வீட்டுக்குப் பின்னால் சின்னப் பிள்ளைகள் பள்ளி ஒன்று இருக்கிறது. திங்கட்கிழமை சேர்த்துவிட்டோம். தவமணி கையைப் பிடித்துக்கொண்டு போனான். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான், பிறகு உள்ளே போய்விட்டான். டீச்சரிடம் தவமணியே, "அவனுக்கு இந்தக் காதுதான் கேட்கும், இந்தப் பக்கம் உட்கார வையுங்கள்" என்று மலாயில் சொன்னாளாம். ஆஸ்பத்திரிக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

சாப்பிடுகிறான். கூச்சல் போடுகிறான். பக்கத்து வீட்டுப் பூனையை வாலைப் பிடித்து இழுத்து நேற்று கடி வாங்கினான். இரண்டு பேரும் ஒரே பாயில் தூங்குகிறார்கள். தூங்குமுன் தினமும் அம்மா எப்போது வருவாள் என்று கேட்பான். தவமணிதான் ஏதாவது சொல்லித் தூங்க வைப்பாள். இந்த வாரம் அதைக் கேட்கவில்லை. நான்தான் அவன் கேட்பான், கேட்பான் என்று ஹாலில் உட்கார்ந்திருந்தேன்.

உன் விண்ணப்பத்தை மறுபடியும் போட்டிருக்கிறேன். அதே ஆபீசர் இல்லை. புது ஆள். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன்.

எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். நீ இதை எப்படி எடுத்துக்கொள்வாய் என்று எனக்குத் தெரியவில்லை, செல்லாயி.

முருகையா


மேலக்கோட்டகம்
19.5.1980

தவமணி அப்பாவுக்கு,

கடிதாசி கிடைச்சுது. நல்ல சேதி. அண்ணன்கிட்டயும் அண்ணிகிட்டயும் சொன்னேன். எல்லாருக்கும் சந்தோஷம்.

பூனைக் கடிக்கு ஊசி போட்டீங்களா? கிளினிக் பக்கத்துலதானே இருக்கு, கூட்டிட்டுப் போங்க.

கடிதாசி வந்ததுலேருந்து நான் ரெண்டு நாளா வயல் வேலைக்குப் போகல. இன்னைக்குப் போறேன்.

செல்லாயி